கடுக்காத கடிக்குத்தான் பயப்பட வேண்டும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பூச்சிக்கடி நிச்சயம். ஈரோடு மாவட்டத்தில் கோபிப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்காடு. வரப்பை ஒட்டித் தென்னை, மேட்டில் மஞ்சள். தண்ணீர் ஏற ஏற, பொந்தில் கிடப்பதெல்லாம் வெளியே வந்து வீட்டுக்குள் இடம் தேடும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். கேட் திறந்திருந்தால் போதும், "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்" என்று கையையோ காலையோ நீட்டிக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள். பாதிப் பேர் ஏதோ ஒரு பச்சிலையை அரைத்துப் பூசிக்கொண்டுதான் வருவார்கள். அதில் எனக்குக் கோபம் கிடையாது. என்னை வளர்த்த அமுச்சியும், அம்மாவைப் பெற்றவர், அப்படித்தான். குப்பைமேனியும் கல்லுப்பும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பூச்சிக்கடியும் ஆறியதில்லை.

ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கத்திக் கூப்பாடு போடுகிறவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். "கடுப்பே இல்லை" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பத்துப் போட்டு, படுக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பல நேரம் நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

தேளிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கம் பார்ப்பது இரண்டு வகை. கருந்தேள் உள்ளங்கை நீளம் இருக்கும், முன்னங்கை இரண்டும் தடித்து நண்டுக்கை போல இருக்கும், பார்த்தாலே குலை நடுங்கும். கொட்டினால் உயிர் போவது போலக் கடுக்கும், ஆனால் உயிர் போவது அரிது. செந்தேள் ஒரு விரல் நீளம்தான். செம்மண் நிறம். முன்னங்கை மெலிசு, வால்தான் தடிமன். கல்லுக்கடியில், அடுக்கி வைத்த செங்கலில், தென்னை மட்டைக் குவியலில் இருக்கும். ஆளைக் கொல்வது இந்தச் சின்னதுதான். முன்கை பெருத்து வால் மெலிந்திருந்தால் ஆபத்து குறைவு, முன்கை மெலிந்து வால் பெருத்திருந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு தை மாதம், மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டிருந்த களத்தில், ஈரச் சாக்கைத் தூக்கிய ஒரு அம்மாவுக்கு நடுவிரலில் கொட்டிவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது அவர் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். "மொதல்ல சுருக்குன்னு இருந்துச்சுங். இப்பக் கடுப்பே இல்லீங்கக்கா. நான் வேலயப் பாக்கறேன்" என்றார். விரலில் வீக்கம்கூட இல்லை. ஆனால் அந்தக் குளிரில் அவருடைய ஜாக்கெட் முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. பேசப் பேச வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஒரு தரம் வாந்தி. சுற்றி நின்றவர்கள் வேலைக் களைப்பில் வந்த மயக்கம் என்றார்கள். நான் 108-ஐக் கூப்பிட்டேன். ராத்திரி முழுக்க அரசு மருத்துவமனையில் வைத்திருந்து, மறுநாள் மதியம் நல்லபடியாக அனுப்பினார்கள்.

வலி இல்லாமல் வேர்ப்பது, கை கால் சில்லிடுவது, வாந்தி, எச்சில் ஊறுவது. விஷம் உடம்புக்குள் இறங்கி வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். செந்தேள் விஷம் நரம்பில் உள்ள சோடியம் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். அட்ரினலின் வெள்ளமாகக் கொட்டும். ரத்தக்குழாய் இறுகி, இதயம் திணறி, கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். கொட்டின இடத்தில் மட்டும் தீயாய் எரிந்துகொண்டிருந்து, மற்றபடி ஆள் தெம்பாக இருந்தால் பெரும்பாலும் அது அந்த அளவுக்குப் போகாது.

இதையெல்லாம் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து கவனித்து எழுதியவர் மகாராஷ்டிரத்தில் கொங்கண் பகுதியில், மஹாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இந்த விஷத்தின் வேலையை மறிக்கும் என்று காட்டினார். 1986-இல் லான்செட் இதழில் அது வந்தது. அதற்கு முன்னால் விஷம் உடம்பில் ஏறியவர்களில் மூன்றில் ஒருவர் என்ற அளவில் செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மருந்து அலமாரியில் அந்த மாத்திரைப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நீங்களே கொடுக்காதீர்கள். அழுத்தம் சடாரென்று இறங்கி, எழுந்து நின்றவர் அப்படியே விழுவார். படுக்க வைத்து, அழுத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. குழந்தைக்கு எந்தத் தேள் கொட்டினாலும் நிறம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

வீட்டில் செய்வது என்று பார்த்தால் தேளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவலாம். ஈரத்துணி வைக்கலாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிடலாம், கை வீங்கினால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஊதுபத்தியால் சுடுவது எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயும் வேண்டாம். சாணியும் மண்ணும் வைத்துக் கட்டினால் தேள் விட்டாலும் தனுர்வாதம் விடாது.

தேனீ, குளவி, கதண்டு என்கிற பெரிய விஷக்குளவி, இவற்றின் சங்கதி வேறு. இவை கொட்டினால் எல்லோருக்கும்தான் கடுக்கும். தேனீ மட்டும் கொடுக்கை நம் தோலில் விட்டுவிட்டுப் போகும். அதோடு ஒட்டியிருக்கும் விஷப்பை, தேனீ போன பிறகும் துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். கிள்ளி எடுக்கக் கூடாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, ஆட்கள் கத்தி தேடி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு என்று 1996-லேயே சோதித்து எழுதிவிட்டார்கள். நகத்தால் எடுங்கள், உடனே எடுங்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப் போவதில்லை, அதனால் ஒன்றே பலமுறை கொட்டும்.

அமுச்சி தேனீக்கடிக்குச் சுண்ணாம்பு வைப்பார். ஊரெல்லாம் இன்றும் அதுதான். பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் பாடத்திலும், தேனீ விஷம் அமிலம், காரம் தடவினால் முறிந்துவிடும் என்று இதை ஒட்டியேதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் விஷம் இருப்பதோ தோலுக்குள்ளே, அதில் வேலை செய்வதோ புரதங்கள். மேலே தடவும் சுண்ணாம்பு அங்கே போய் எதையும் மாற்றாது. தோலைத்தான் பொசுக்கும். ஒரு பெண்குழந்தையின் கன்னத்தில் கொட்டு மறைந்து சுண்ணாம்புப் புண் மட்டும் வெகுநாள் இருந்ததைப் பார்த்த பிறகு இதில் எனக்குச் சமரசமே கிடையாது. குளிர்ந்த ஈரத்துணி, வலிக்கு ஒரு பாராசிட்டமால், அரிப்புக்கு ஒரு சிட்ரிசின். அது போதும்.

எது போதாது என்றால், கொட்டியது கையில், ஆனால் வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு கிளம்புகிறது. உதடோ நாக்கோ வீங்குகிறது, குரல் மாறுகிறது, மூச்சு விசில் அடிக்கிறது, தலை சுற்றிக் கண் இருட்டுகிறது. இது ஒவ்வாமை. ஒரே ஒரு தேனீ போதும். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான், அரைமணி நேரம் தாமதிப்பதே அதிகம். ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் உட்கார வையுங்கள். கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். இன்னொன்று, தென்னை உச்சியில் கதண்டுக் கூடு கலைந்து கூட்டமாகக் கொட்டியவர்கள். வலி தணிந்து மறுநாள் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அவர்களும் "இப்பத் தேவலை" என்றுதான் சொல்வார்கள். கூட்டை நீங்களே தீப்பந்தம் கட்டிக் கொளுத்தப் போகாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால் வந்து அழிப்பார்கள்.

சிலந்திக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பாவம் அதன் மேல்தான் எல்லாப் பழியும். காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்டது போலச் சிவந்து, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளம். "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். நெல் வயல் சூழ்ந்த ஊர்களில் அதைச் செய்வது பெரும்பாலும் ஒரு சின்ன வண்டு. எறும்பை விடக் கொஞ்சம் பெரிது, உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும், வண்டு என்று சொல்லவே தோன்றாது. வயலில் பூச்சிகளைத் தின்று நமக்கு நல்லதுதான் செய்கிறது. மழைக்காலத்தில் டியூப் லைட்டுக்கு வந்து, சட்டையில் இறங்கி, கழுத்தில் ஊரும். அது கடிக்காது, கொட்டாது. நாம் தூக்கத்தில் பட்டென்று அடித்து நசுக்குகிறோமே, அப்போதுதான் அதன் உடம்பு நீர் தோலில் படுகிறது. அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சல் கிளம்பும். கை போன திக்கில் தேய்ந்ததால்தான் அந்தக் கோடு. முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் ஜோடியாகப் புண் வரும்.

எங்கள் வீட்டில் மருமகளுக்குக் கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் எலுமிச்சம்பழச் சாறும் மிளகும் அரைத்துப் போடச் சொன்னார்கள். புண்ணான தோலில் எலுமிச்சையா! நான் விடவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுக்கச் சொன்னேன், கண் பக்கம் என்பதால் டாக்டரிடம் காட்டினோம். பத்து நாளில் ஆறிவிட்டது, கறை மட்டும் கொஞ்ச நாள் நின்றது. இந்த வண்டு மேலே ஊர்ந்தால் ஊதி விடுங்கள், இல்லை ஒரு தாளில் ஏற்றித் தட்டி விடுங்கள். நசுங்கிவிட்டது என்று தெரிந்தால் அந்த நொடியே சோப்புப் போட்டுக் கழுவி, உடுத்தியிருந்த துணியையும் மாற்றுங்கள். கட்டிலுக்கு நேர் மேலே லைட் போடாதீர்கள். சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய பழுப்புச் சிலந்தியை அடிக்கவே அடிக்காதீர்கள், அது உங்கள் வீட்டுக் கரப்பானைத்தான் பிடிக்கிறது. மரப்பொந்தில் இருக்கும் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி கடித்தால் மட்டும் நல்ல வலியும், சிலருக்குத் தசை இழுப்பும் வரும். அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அமுச்சி வைத்தியத்தில் நான் இன்றும் செய்வது கம்பளிப்பூச்சிக்கு. முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டு வந்தால் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் மயிர் உள்ளே போகும். அமுச்சி ராகிக் களியை ஆறவைத்து, உருண்டையாகப் பிடித்து, அரிக்கிற இடத்தில் அழுத்தி அழுத்தி எடுப்பார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார், உருண்டையின் மேல் பொன் நிறத்தில் மயிர் மயிராக நிற்கும். இப்போது செல்லோ டேப்பை ஒட்டி உரிக்கச் சொல்கிறார்களே, வேலை அதேதான். பூரான் கடிக்கு அவர் கருப்பட்டி தின்னக் கொடுப்பார், அதால் கெடுதலும் இல்லை, கடுப்பும் குறையாது. கூடவே வெந்நீரில் காலை வைக்கச் சொல்வார், அதில்தான் விஷயம் இருக்கிறது. பொறுக்கும் சூட்டில், கடிபடாத காலால் முதலில் தொட்டுப் பார்த்து, வைத்தால் கடுப்பு நன்றாகவே அடங்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு இது கூடாது. குப்பைமேனியைத் தோல் கிழியாத அரிப்புக்குப் பூசுவதை நான் தடுப்பதில்லை. கொப்புளத்தின் மேல் வேண்டாம். உள்ளுக்குக் குடிக்கக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். இலங்கை மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி காணாக்கடி. எது கடித்தது என்று தெரியாமல் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தால் காணாக்கடி என்றோ பூரான்கடி என்றோ சொல்லி, மாசக்கணக்கில் பத்தியம் இருப்பார்கள். பெரும்பாலும் அது கடியே இல்லை, தோல் ஒவ்வாமை, சிட்ரிசினில் அடங்கும். ஆனால் இதே பெயரில் இரண்டு எமன்கள் உள்ளே வருகின்றன.

முதலாவது கட்டுவிரியன். பாம்புதான், ஆனால் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றுதான் இதை ஆரம்பிப்பார்கள். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் தடம் கண்ணுக்குத் தெரியாது, வீக்கம் கிடையாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. அப்புறம் இமை தானாகச் சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குளறும். தரையில் படுத்து எழுந்தவருக்கு இப்படி இருந்தால் ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், சிறியாநங்கையும் வேண்டாம். இமை சரிகிறதா என்று பாருங்கள், சரிந்தால் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் இருக்கும் மருத்துவமனைக்கு ஒரு நிமிஷம் வீணாக்காமல் போங்கள். கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுத்தால் கொசு, தேள், பூரான், கட்டுவிரியன் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒன்றே வேலி. நேபாளத்தில் கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைவு என்று 2007-இல் ஆய்வே வந்திருக்கிறது.

இரண்டாவது உண்ணிக் காய்ச்சல். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடிக்கும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் மண்டை பிளக்கும் தலைவலியும் வரும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறையும், டெங்குதான் என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடத்தில் தேடிப் பார்த்தால் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். எல்லோருக்கும் இருக்காது, இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டியே ஆக வேண்டும். பெண்கள் கூச்சத்தில் சொல்வதே இல்லை, இதுதான் என் பெரிய ஆற்றாமை. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மருந்தில் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். களை எடுத்துவிட்டு வந்தால் உடுப்பை மாற்றிக் குளித்துவிடுங்கள், களைப்பாக இருந்தாலும்.

யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, கடித்ததைத் தேடிப் பிடித்து டப்பாவில் போட்டு எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்த முயற்சியில் இரண்டாவது ஆளும் கடி வாங்கிய கதை இருக்கிறது. தூரத்திலிருந்து போனில் ஒரு படம் போதும். கடித்த நேரத்தைப் பேனாவால் அவர் கையிலேயே எழுதுங்கள். வீக்கம் எதுவரை இருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் குறித்துவிடுங்கள். என்ன பச்சிலை கொடுத்தோம், என்ன மாத்திரை கொடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து பாதிப் பேர் இதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.